சாத்துக்குடி வேண்டாமே!

ஆஸ்பத்திரி என்றாலே நமக்குச் சாத்துக்குடிதான். கீமோதெரபி எடுப்பவருக்கு மட்டும் வேண்டாமே, ப்ளீஸ்! வேகமாகப் பெருகும் செல்களைத் தாக்குவது மருந்தின் வேலை. புற்றுநோயோடு, பாவம், வாயின் உள்தோலும் மாட்டிக்கொள்கிறது. வாயெல்லாம் புண். அதில் புளிப்பு பட்டால்? நினைத்தாலே எனக்குக் கண்ணில் தண்ணீர் வருகிறது.

ஃப்ளூரோயுராசிலை ஊசியில் ஒரேயடியாக ஏற்றும்போது, 5 நிமிடம் முன்பே ஆரம்பித்து அரை மணி நேரம் ஐஸ் துண்டு சப்பச் சொல்வார்கள். ரத்தக் குழாய் சுருங்கி, வாய்க்கு மருந்து குறைவாகப் போகும். கூடவே ஆக்ஸாலிபிளாட்டின் ஏற்றினால் குளிர்ச்சியே ஆகாது. அதனால் டாக்டரைக் கேட்காமல் ஐஸைத் தொடக்கூடாது. உப்பும் சமையல் சோடாவும் கலந்த வெதுவெதுப்பான தண்ணீரில் வாய் கொப்பளிப்பது இதம்.

பார்க்கப் போகிறவர்கள்? குழைந்த, ஆறின, காரமில்லாத பருப்பு சாதம் கொண்டு போங்கள். அட்வைஸை வீட்டிலேயே வைத்துவிட்டு!