முன்சில்லின் சாய்வு

மோட்டார் வண்டியைப்பற்றி எழுதத் தமிழாசிரியனுக்கு யாதுளது என்று இம்மலரைப் புரட்டும் அன்பர் சிலர் நகைத்தல் கூடும். நகைக்க. எம் பழைய மாணவருட் பலர் இலண்டனிலும் ரொறன்ரோவிலும் மெல்பேணிலும் வாழ்கின்றனர். கொழும்பில் வாழ்வாரும் உளர். அவருள் வேகவண்டி விருப்பினர் கூடிப் பேசுமிடத்துக் 'கம்பர்' என்னும் பெயர் அடிக்கடி செவியில் விழும். கவிச்சக்கரவர்த்தியின் பெருமை பேசுகின்றனர் என்று கருதி அணுகும் தமிழாசிரியர் ஏமாறுவர். அது சில்லின் சாய்வைக் குறிக்கும் ஆங்கிலச் சொல். பல்கலைக்கழகம் 'கம்பஸ்' ஆகிவிட்ட நாட்டிலே சில்லின் சாய்வு 'கம்பர்' ஆனதில் வியப்பில்லை.

சொல் கிடக்க, பொருளுக்கு வருவாம். இச்சாய்வைக் குறித்து அவ்வன்பரிடையே இரு கட்சிகள் உள. தொழிற்சாலையார் அமைத்ததைத் தொடலாகாது என்பார் ஒரு சாரார். சில்லு உட்புறம் எவ்வளவு சாய்ந்து நிற்கின்றதோ அவ்வளவு வண்டி வீரியமுடையது என்பார் மற்றொரு சாரார். இரண்டும் எனக்கு உடன்பாடல்ல.

வண்டியின் முன்னே நின்று நோக்குக. சில்லின் மேற்பாகம் வண்டியை நோக்கி உட்சாய்ந்திருப்பின் அது மறைச்சாய்வு. வெளியே சாய்ந்திருப்பின் நேர்ச்சாய்வு. பாகையால் அளக்கப்படுவது இது. சாதாரணக் கார்களில் இச்சாய்வு சுழிக்கு அண்மித்தே அமைக்கப்படும். ரயர் அகலம் முழுவதும் ஒப்பத் தேய்தல் வேண்டும். எவர் ஓட்டினும் வண்டி அடக்கமாகச் செல்லல் வேண்டும். இவையே தொழிற்சாலையார் நோக்கம். அது நல்ல நோக்கமே. ஆயின் வேகவண்டியை வாங்கி வளைவுகளில் விரைந்து செலுத்துவானொருவனுக்கு அது முழுதும் பொருந்துவதன்று.

எடுத்துக்காட்டாக ஒரு வண்டியைக் கொள்வாம். 1992இல் தோன்றிய சுபாரு இம்பிரேசா டபிள்யூ.ஆர்.எக்ஸ். உலக ரலிப் போட்டியில் 1995, 1996, 1997 ஆகிய மூன்றாண்டுகளும் அடுத்தடுத்து உற்பத்தியாளர் பட்டத்தைச் சுபாருவுக்கு ஈட்டித் தந்த குலம் அது. சுபாரு என்பது ஜப்பானிய மொழியிற் கார்த்திகை மீன்கூட்டத்தின் பெயர். பண்டைத் தமிழர் அறுமீன் என்றும் ஆரல் என்றும் வழங்கியதும் அதுவே. வண்டியின் முகப்பிலும் ஆறு மீன்களே பொறிக்கப்பட்டுள. (இதற்காகவே அவ்வண்டியைத் தெரிந்தேன் என்று எவரேனுங் கூறின் மறுக்கமாட்டேன்.) இதன் இயந்திரம் முன்னச்சுக்கு முன்னே அமர்ந்திருப்பதால் மூக்குப் பாரம் மிக்கது. வளைவில் விரையும்போது ஸ்ரியறிங்கைத் திருப்பினாலும் முன்பாகம் திரும்ப மறுத்து வெளியே ஓடப் பார்க்கும்.

காரணம் வெளிப்படை. வளைவிலே வண்டியின் உடல் வெளிப்புறம் சரிகின்றது. சரியும் உடல் வெளிச்சில்லின் தலையையும் உடன்கொண்டு சரிகின்றது. மேலுங் கீழும் இரு கைகளாற் சில்லைப் பிடிக்கும் அமைப்பில் இக்குறை பெரும்பாலும் ஈடு செய்யப்படும். இவ்வண்டியின் முன்புறத்திலோ இருப்பது மக்பேர்சன் ஸ்ரட் எனப்படும் ஒற்றைத் தூண் அமைப்பு. 1950இல் வெளிவந்த போர்ட் கொன்சல் காரை அறிந்த முதியோர் அத்தூணையும் அறிவர். மலிவும் உறுதியும் அதன் குணங்கள். சரிவை ஈடுசெய்தலில் வலிமை குறைவு. ஆகவே பாரம் முழுவதும் வெளிச்சில்லின் வெளித்தோளிலே தங்க, உட்பாகம் தரையைத் தொட்டும் தொடாமலும் நிற்கும். குதியின் ஒரு புறமே தேய்ந்த செருப்போடு நடப்பானைப் போல்வது அது. முன்னரே சில்லைச் சற்று உட்சாய்த்து வைப்பின், உடல் சரியும் வேளையிற் சில்லு நிமிர்ந்து தரையை முழு அகலத்தாலும் பற்றும். தடித்த சுருளும் தடித்த சலாகையும் வாங்கிப் பூட்டுவதன் முன் செய்யத்தக்கது இதுவே, செலவும் குறைவு.

இனி, எவ்வளவு? இங்கேதான் இளைஞர் வழுவுகின்றனர். நேர் வீதியில் விரைந்து சென்று சடுதியாகப் பிரேக் அழுத்தும்போது வண்டி பக்கவாட்டிற் சரிவதில்லை. அப்பொழுது உட்சாய்ந்த சில்லு உள்விளிம்பினாலேயே நிறுத்த முயல்கின்றது. மாரிகாலத்து நனைந்த வீதியிற் பிள்ளையொன்று குறுக்கே ஓடிவரின் அந்நேரத்தில் வேண்டப்படுவது வளைவுப் பிடி அன்று. வீதியிலே ஓடும் வண்டிக்கு மறை ஒன்றரைப் பாகை போதும் என்பது என் கருத்து. ஓட்டத்திடலில் மட்டுமே ஓடுவது இரண்டரை மூன்று பாகை கொள்ளலாம். அங்கே குறுக்கே வருவார் இலர், ரயரும் சில நாளிலே மாற்றப்படும்.

சில்லுகளை அவ்வளவினும் பன்மடங்கு சாய்த்து, வண்டி தவழ்வதுபோல நிறுத்திப் படம் பிடிக்கும் ஒரு வழக்கமும் உண்டு. ஜப்பானில் அதனை 'ஓனிக்யான்' என்பர். ஓனி என்பது பேய். பேய்ச்சாய்வு என்று பெயரிட்டவர் உண்மையே உரைத்தார். அதற்குமேல் அதனைப்பற்றி எழுதுதல் தாளுக்குக் கேடு.

திருத்தும் முறையைச் சிறிது கூறுவேன். இவ்வண்டியில் ஸ்ரட்டுத் தூணும் சில்லைத் தாங்கும் கணுவும் இரு போல்ட்டுகளாற் பிணைக்கப்பட்டுள. மேலுள்ள போல்ட்டின் தலை மையம் விலகியது; நட்டைத் தளர்த்தி அதனைத் திருப்பத் திருப்பக் கணுவின் தலை உள்ளும் புறமும் நகரும். ஒன்றரைப் பாகைக்கு அணித்தாக இதனாலேயே செல்லலாம். தூணின் உச்சியில் தனித் தட்டுகள் பூட்டுவது அதற்கு மேல் வேண்டுவோர்க்கே. ஆனாற் போல்ட்டைத் தொடுமுன் மூட்டுகளிலும் பெயரிங்குகளிலும் ஆட்டம் உண்டோ என்று பார்த்தல் வேண்டும். ஆடும் மூட்டில் அளந்த அளவு நீர்மேல் எழுத்து. ரயர்க் காற்றும் இரு புறமும் ஒத்திருத்தல் வேண்டும்.

அளவுகருவி இல்லாதார் கொத்தனார் தூக்கும் குண்டு நூலைக்கொண்டே அளக்கலாம். தரை மட்டமானதாக இருத்தல் வேண்டும். சில்லின் இரும்பு விளிம்பில் மேலுங் கீழுமாக 430 மில்லிமீற்றர் இடைவெளியுள்ள இரு புள்ளிகளைக் கொண்டு, நூலிலிருந்து அவற்றின் தூரங்களை அளக்க. இரண்டிற்கும் உள்ள வேறுபாடு 7.5 மில்லிமீற்றர் எனின் சாய்வு ஒரு பாகை. எட்டாம் வகுப்பு மாணவனும் கணிக்கத்தக்கது இது. இடமும் வலமும் ஒத்த அளவாதல் வேண்டும். ஒவ்வாதாயின் உட்சாய்வு குறைந்த பக்கத்திற்கு வண்டி இழுக்கும். நம் வீதிகளின் நடு உயர்ந்து ஓரம் தாழ்ந்திருத்தலின், இடப்புறம் ஓடும் வண்டி இயல்பாகவே இடத்திற்கு இழுபடுவது. அதனைச் சாய்வின் பிழையென்று கொண்டு மீட்டும் மீட்டும் போல்ட்டைத் திருப்புதல் வேண்டா.

சாய்வை மாற்றியதும் 'ரோ' என்னும் மற்றோரளவும் மாறிவிடும். இரு முன்சில்லுகளின் மூக்குகளும் தம்முள் நோக்குகின்றனவா விலகுகின்றனவா என்பதே அது. ஸ்ரியறிங் கோல் பழைய நீளத்திலே நிற்கக் கணு மட்டும் நகர்ந்ததால் வருவது இம்மாற்றம். உள்விளிம்பு ஒரு மாதத்திலே வழுக்கையாகிவிட்டது என்று சாய்வின்மேற் பழிபோடுவார் பலரின் வண்டிகளிற் குற்றவாளி இந்த ரோவே. அலைன்மென்ட் பார்க்கும் இடங்கள் சில ரோவை மட்டுந் திருத்தி யாவும் திருத்தியதாகக் காசு வாங்குகின்றன; வேறு சில சாய்வை மட்டும் மாற்றி ரோவை மறந்து அனுப்புகின்றன. முன்னும் பின்னும் எடுத்த அளவுகளை எழுத்திலே தருக என்று கேட்டு வாங்குவதில் நாணமென்ன?

பாகைக் கணக்கைவிட நம்பத்தக்க சான்று ரயரே தரும். ரயரின் வெளித்தோளிலிருந்து பக்கம் வரை வெண்கட்டியால் மூன்று நான்கு கோடுகள் இழுத்து, பழக்கமான வளைவுகளில் வழக்கமான வேகத்தில் ஓட்டி வந்து பார்க்க. கோடு தோளைக் கடந்து பக்கச்சுவர் வரை அழிந்திருப்பின் சாய்வு போதாது. காற்றுக் குறைவும் இவ்வாறு காட்டும், ஆதலின் அதனை முதலிற் பார்க்க. தோளின் விளிம்போடு அழிவு நின்றிருப்பின் போல்ட்டைத் தொடவேண்டா. தோளிற் கோடு அப்படியே இருப்பின் சாய்வு மிகை, அல்லது ஓட்டியவர் பழைய மாணவர் சங்கத்து மூத்த உறுப்பினர். சில ஆயிரம் மைல் ஓடியபின் கையாலே தடவி உள்விளிம்பையும் வெளிவிளிம்பையும் ஒப்பிடுக. உட்புறம் சற்று முன்னே தேய்ந்திருத்தல் இயல்பு. இறுக்கிய போல்ட்டுகளைக் கைந்நூலிற் குறித்த இறுக்கத்திற்கு முதல் நூறு மைலின்பின் ஒருமுறை சோதித்தல் நன்று. வெண்கட்டி வேண்டுவோர் எம்மிடம் கேட்கலாம்; அது கல்லூரியில் நிரம்ப உண்டு.