பட்டாளத்தில் பேண்டு வாசித்தால் என்ன குறைச்சல்?

மக்களே, இந்த வாரம் கணக்குப் பதிவியலும் இல்லை, சினிமாவும் இல்லை. கொஞ்சம் கோபமாக எழுதப் போகிறேன். பொறுத்துக் கொள்ளவும்.

எங்க சித்தப்பா பையன் பட்டாளத்துக்குப் போகணும் என்கிறான். எங்க ஆனைக்குட்டம் பக்கத்தில் இது ஒன்றும் புதுசு இல்லை. போய் வந்தவர்களுக்கு ஊரில் தனி மரியாதை உண்டு. நம்ம பையன் விஷயத்தில் பிரச்சினை என்னவென்றால், அவன் போக நினைப்பது கிளாரினெட் வாசிக்க. விமானப்படையில் இசைக்கலைஞராகச் சேர்வதற்கு 2024-ல் பெங்களூரிலும் கான்பூரிலும் ஆள் எடுத்தார்கள். பத்தாவது பாஸ் செய்திருந்து, ஒரு வாத்தியம் ஒழுங்காக வாசிக்கத் தெரிந்தால் முயற்சி செய்யலாம். அடுத்த முறை எடுக்கும்போது போகவேண்டும் என்று ராத்திரி ராத்திரியாகப் பயிற்சி செய்கிறான்.

சொன்னதுதான் தாமதம். "கல்யாண வீட்டுல வாசிக்கிறதை வாசிக்க எதுக்குடா அவ்வளவு தூரம் போகணும்?" என்றார் பெரியப்பா. "துப்பாக்கி தூக்காதவன் எல்லாம் பட்டாளத்தானா?" என்றார் மாமா. கடைசியாக அத்தை கேட்டதுதான் உச்சம்: "மேளக்காரனுக்கு எவன் பொண்ணு கொடுப்பான்?"

ஒவ்வொன்றாக எடுத்துக் கொள்வோம்.

முதலில் துப்பாக்கி. பட்டாளத்துப் பேண்டு என்றால் குடியரசு தினத்துக்கு டிவியில் வந்து போகிற அலங்காரம் என்று நினைப்பு. பேண்டில் சேர்ந்தாலும் முதலில் சிப்பாய்ப் பயிற்சி முடிக்க வேண்டும். ராணுவத்தில் இசை சொல்லிக் கொடுக்கவே மத்தியப் பிரதேசத்தில் பச்மடி என்ற மலை ஊரில் தனிப் பிரிவு இருக்கிறது. போர் வந்தால் காயம்பட்டவர்களை ஸ்ட்ரெச்சரில் தூக்கி வருவது காலாட்படை பேண்டுக்காரர்களின் வேலை என்பது காலங்காலமாக உள்ள வழக்கம். 1944 ஜூன் 6-ந் தேதி பிரான்சின் நார்மண்டிக் கரையில் குண்டு மழைக்கு நடுவே பேக்பைப் வாசித்துக்கொண்டே இறங்கினார் பில் மில்லின். அப்போது அவருக்கு வயது 21. கையில் துப்பாக்கி கிடையாது. அவரை 'பட்டாளத்தான் இல்லை' என்று சொல்ல எங்க மாமாவுக்குத் தைரியம் இருக்கிறதா?

அடுத்து 'மேளக்காரன்'. இந்த வார்த்தைக்குள் என்ன ஒளிந்திருக்கிறது என்று நம் எல்லோருக்கும் தெரியும். சாதி. பங்குனிப் பொங்கலுக்கு விருதுநகர் மாரியம்மன் கோயிலில் மேளச் சத்தம் கேட்டால்தான் நமக்கு சாமி வரும். ஆனால் அடிக்கிறவன் வாசலோடு நிற்க வேண்டும். சத்தம் வேண்டும், ஆள் வேண்டாம். எங்க அத்தை கேட்டது பொண்ணைப் பற்றிய கேள்வி அல்ல, இந்தக் கேள்விதான். யார் வாசித்தால் என்ன, வாசிக்கிறவன் மட்டம் என்கிற எண்ணத்தை ஒரு வாத்தியத்தின் மேல் ஏற்றி வைத்திருக்கிறோம்.

இத்தனைக்கும் பழம்பெருமை பேசுவதில் நம்மை மிஞ்ச ஆள் இல்லை. மோசிகீரனார் கதையைப் பள்ளிக்கூடத்தில் படித்திருப்பீர்கள். அரண்மனையில் போர்முரசு வைக்கும் கட்டில் என்று தெரியாமல் ஏறித் தூங்கிவிட்டார். தப்புக்குத் தண்டனை தலை போவது. சேரன் பெருஞ்சேரல் இரும்பொறை வெட்டாமல் கவரி எடுத்து வீசினான். கவிஞனை மதித்த ராஜா என்று வாத்தியார் சொல்லி முடித்துவிடுவார். நான் இன்னொன்றும் பார்க்கிறேன்: ஒரு முரசுக்குத் தனிக் கட்டில் போட்டு, பூ மெத்தை விரித்து வைத்திருந்த சமூகம் இது. அந்த முரசு பட்டாளத்து முரசு.

இன்னொரு சங்கதி. கர்நாடக சங்கீதம் என்றால் பக்கவாத்தியம் வயலின் இல்லாமல் கச்சேரி இல்லை. அந்த வயலின் எங்கிருந்து வந்தது? முத்துசுவாமி தீட்சிதரின் தம்பி பாலுசுவாமி தீட்சிதர், சென்னையில் கம்பெனிக்காரர்களின் கோட்டை பேண்டைக் கேட்டு, ஐரோப்பிய வாத்தியக்காரரிடம் கற்றுக்கொண்டு வந்தது. அண்ணன் மட்டும் சும்மா இருந்தாரா? அந்த பேண்டு மெட்டுகளுக்கே சமஸ்கிருத சாகித்தியம் எழுதினார். நோட்டுஸ்வரம் என்று இன்றும் பாட்டு கிளாசில் சொல்லிக் கொடுக்கிறார்கள். சாக்ஸபோனைக் கச்சேரி மேடையில் ஏற்றிய கத்ரி கோபால்நாத் அதை முதலில் பார்த்து மயங்கியது மைசூர் அரண்மனை பேண்டில். பேண்டு மட்டம் என்றால் மார்கழி சீசனையே பாதி மூட வேண்டி வரும் :-)

இப்போது 'கௌரவமான வேலை'க்கு வருவோம். தம்பி இப்போது பகலில் பயர் ஆபீசுக்குப் போகிறான். அதற்கு யாரும் ஒரு வார்த்தை சொன்னதில்லை. 2012 செப்டம்பர் 5 முதலிப்பட்டி வெடிவிபத்தில் 38 பேருக்குக் குறையாமல் செத்தார்கள். 2021 பிப்ரவரியில் சாத்தூர் அச்சங்குளத்தில் 20 பேருக்கு மேல். சின்ன விபத்துகளுக்குக் கணக்கே இல்லை. உயிர் தப்பினாலும் வேலை தப்புமா என்பது சந்தேகம். 2018 அக்டோபரில் உச்ச நீதிமன்றம் பேரியம் உப்புக்கும் சரவெடிக்கும் தடை போட்ட பிறகு எத்தனை வீட்டில் அடுப்பு எரியாமல் இருந்தது என்று எங்க ஊரில் கேட்டுப் பாருங்கள். மருந்து அலசினால் கௌரவம், கிளாரினெட் ஊதினால் கேவலமா? என்ன கணக்கு இது?

கணக்கு என்றதும் ஞாபகம் வருகிறது. பி.காம் படிக்கிறவன் வெறும் வீராவேசம் பேசிவிட்டுப் போகக் கூடாது. 2022-ல் வந்த அக்னிபத் திட்டப்படி விமானப்படை, கடற்படை இசைக்கலைஞர்களும் அக்னிவீரர்கள்தான். நாலு வருஷம். மாதச் சம்பளம் முதல் வருஷம் 30,000, பிறகு 33,000, 36,500, 40,000. இதில் 30 சதவீதம் சேவா நிதிக்குப் பிடித்தம். கைக்கு வருவது நாலு வருஷத்தில் சுமார் 11.7 லட்சம். பிடித்த 5.02 லட்சத்தோடு அரசும் அதே அளவு போட்டு, 10.04 லட்சமும் வட்டியும் முடிவில் கிடைக்கும். பென்ஷன் இல்லை, பணிக்கொடை இல்லை. நிரந்தரமாக வைத்துக்கொள்வது அதிகபட்சம் 25 சதவீதம் பேரை.

இங்கேதான் எனக்கு அரசாங்கத்தோடும் சண்டை. ஒரு கிளாரினெட்காரன் பதம் ஆவதற்கே பத்து வருஷம் வேண்டும். நாலு வருஷம் சொல்லிக் கொடுத்து, கூட்டத்தோடு சேர்ந்து மூச்சு விடப் பழகின நேரத்தில் வீட்டுக்குப் போ என்பது எந்த ஊர் நியாயம்? 2022-ல் பாசறை திரும்பும் நிகழ்ச்சியில் 'அபைட் வித் மீ'யை எடுத்துவிட்டு இந்திய மெட்டு வாசித்ததைப் பெருமையாகப் பேசுகிறவர்கள், வாசிக்கிறவனின் அஞ்சாவது வருஷத்தைப் பற்றியும் கொஞ்சம் பேசலாம்.

அதற்காகப் போகாதே என்று சொல்வேனா? மாட்டேன். அவன் கண்ணைத் திறந்துகொண்டுதான் போகிறான். 25 சதவீதத்தில் வரலாம், வராமலும் போகலாம். வராவிட்டாலும் நோட்டு பார்த்து வாசிக்கத் தெரிந்த, கையில் பத்து லட்சம் உள்ள, 23 வயதுப் பையனாகத் திரும்புவான். பயர் ஆபீசில் நாலு வருஷம் கழித்து அவன் கையில் என்ன இருக்கும்?

என் காலேஜ் நண்பர்கள் சிலருக்கு வேறு வருத்தம். கலையைக் கொண்டுபோய்ப் போருக்கு விற்கலாமா என்கிறார்கள். நியாயமான கேள்விதான். ஆனால் அதைப் பசி தெரியாத வயிறு கேட்கும்போது எனக்குச் சிரிப்பு வருகிறது. கலைஞனுக்கு மாதம் பிறந்தால் சம்பளம், சீருடை, சொல்லிக் கொடுக்க ஆள் என்று எல்லாம் தருகிற இடம் இந்த நாட்டில் வேறு எத்தனை இருக்கிறது? எனக்குச் சொல்லுங்கள், தம்பியை அங்கேயே அனுப்புகிறேன். நேதாஜி படையில் 'கதம் கதம் பதாயே ஜா'வுக்கு மெட்டுப் போட்ட கேப்டன் ராம் சிங் தாக்குரியும் பட்டாளத்துக்காரர்தான். சீருடை போட்டதால் அவர் இசை செத்துவிடவில்லை.

கடைசியாக, ஆதரவு என்றால் என்ன? ரயிலேற்றிவிட்டு அழுவதோ, ஊர் முக்கில் ஃபிளெக்ஸ் வைப்பதோ இல்லை. இப்போது அவனுக்கு வேண்டியது நல்ல ரீடு, நோட்டு படிக்கச் சொல்லிக் கொடுக்க ஒருவர், பெங்களூர் போய் வரக் காசு, வீட்டில் ஒரு மணி நேரம் திட்டு வாங்காமல் வாசிக்க அனுமதி. தேர்வானால், அவன் சம்பளத்தை நம்பி இப்போதே சீட்டுப் போடாமல் இருப்பது. சேவா நிதியை வரும் முன்னாலேயே அக்கா கல்யாணத்துக்கு எழுதி வைக்காமல் இருப்பது. தேர்வாகாவிட்டால், "நாங்க அப்பவே சொன்னோம்ல" என்று சொல்லாமல் வாயை மூடிக்கொண்டு இருப்பது.

இந்தக் கடைசி உதவிக்குக் காசு பணம் எதுவும் வேண்டாம். எங்க சொந்தக்காரர்கள் அதிலிருந்தே ஆரம்பிக்கலாம்.