குஞ்சு வாங்குமுன் தாய்க்கோழியின் தீனைக் கேளுங்கள்

சென்ற மாதம் ஒரு தம்பி அட்டைப் பெட்டியுடன் எனது கடைக்கு வந்தார். உள்ளே பத்து நாட் குஞ்சுகள் ஐந்தாறு. விரல்கள் உட்பக்கமாகச் சுருண்டு, நிற்க முடியாமல் ஊர்ந்தன. "உங்கட தீன்ல ஏதோ பிழை நானா" என்றார். வாங்கிய 200 குஞ்சுகளில் அரைவாசி இப்படியாம்.

மிருக வைத்தியரிடம் அனுப்பினேன். விற்றமின் பி2 போதாமையின் அடையாளம் என்றார். அதே குஞ்சுத் தீனைத் தின்ற வேறு இடத்துக் குஞ்சுகள் நலமாயிருந்தன. ஆகவே, தாய்க்கோழிகள் எதைத் தின்றன என்று விசாரித்தார். குஞ்சு பொரித்து விற்றவர் கொடுத்தது சாதாரண லேயர் தீன். அந்த மூடைகளை விற்றவனும் நானே!

லேயர் தீன் சாப்பாட்டு முட்டைக்காகத் தயாரிக்கப்படுவது. ஓடு உறுதியாகும், எண்ணிக்கையும் குறையாது. ஆனால் 21 நாளும் முட்டைக்குள் வளரும் குஞ்சுக்குத் தாய் உள்ளே வைத்ததைத் தவிர வேறு உணவில்லை. பொரித்த பின்னரும் இரண்டு மூன்று நாட்கள் மீதி மஞ்சட் கருவே துணை. அதனால்தான் பிரீடர் தீனில் பி2, விற்றமின் ஈ, மங்கனீசு போன்றவை கூடுதலாகச் சேர்க்கப்படுகின்றன. கோழி நோயாளியாகத் தெரியாது. முதலில் பொரிக்கும் வீதம்தான் குறையும். எம்மவரோ மின்வெட்டையும் இன்குபேட்டரையும் ஏசுவார்கள்.

2021இல் இரசாயன உரத் தடையால் சோள விளைச்சல் விழுந்து, 2022இல் டொலருமின்றித் தீன் அரிதானபோது கிடைத்ததைக் கொடுத்தோம். இன்று அந்தச் சாட்டு செல்லாது.

கணக்கைப் பாருங்கள். கோழி நாளொன்றுக்குச் சுமார் 120 கிராம் தின்னும். இரண்டு நாளைக்கொரு முட்டை என்றாலும் முட்டைக்குக் கால் கிலோதான். கிலோவுக்கு 20 ரூபா கூடினாலும், கூமுட்டைக் கழிவையும் சேர்த்து ஒரு குஞ்சுக்கு ஏழெட்டு ரூபா. பிரீடர் தீன் கிடைக்காதவர் மிருக வைத்தியர் சொல்லும் விற்றமின் கலவையைச் சேர்க்கலாம்.

குறையை மறைத்து விற்பது ஆகாது என்பதை ஜும்ஆவில் கேட்காதவர் எம்மில் இல்லை. தெரியாமல் நடந்தது என்று இதுவரை சொல்லலாம். இப்போது அவருக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

லேயர் மூடை கேட்பவரிடம் "சாப்பாட்டு முட்டைக்கா, குஞ்சுக்கா?" என்று இப்போது கேட்கிறேன். ஒருவர் கோபித்துப் பக்கத்துக் கடைக்குப் போய்விட்டார். போகட்டும். அந்தத் தம்பியின் நட்டத்தில் ஒரு பங்கை நான் ஏற்றேன். மீதியைக் குஞ்சு விற்றவரிடம் பேசிக்கொண்டிருக்கிறேன்.