கேடயம் சுமந்தவனுக்கு வந்த யோகம்

பழைய ஆங்கிலக் கடித உறைகளில், பெயருக்குப் பின்னால் 'எஸ்கொயர்' என்ற சொல் வால் போல ஒட்டிக்கொண்டிருப்பதைக் காணலாம். அதைப் போட்டால் பெயருக்கு முன்னால் 'மிஸ்டர்' போடக் கூடாது. இரண்டையும் சேர்த்து எழுதுபவன் மரியாதை தெரியாதவன் என்பது அந்நாளைய ஆங்கிலேயரின் தீர்ப்பு.

இத்தனை மிடுக்குள்ள சொல்லின் பூர்வீகம் என்ன தெரியுமா? லத்தீனில் 'ஸ்கூடும்' என்றால் கேடயம். கேடயம் தூக்குகிறவன் 'ஸ்கூடாரியுஸ்'. அச்சொல் பிரெஞ்சுக்காரர் வாயில் புகுந்து புறப்பட்டு, இங்கிலாந்தில் எஸ்கொயர் ஆயிற்று. குதிரை மீது போகும் 'நைட்' என்ற வீரனுக்குக் கேடயம் சுமந்த ஏவலாள்தான் ஆதி எஸ்கொயர்! அவனே பின்னால் நைட் ஆகக் கூடியவன் என்பதால் மதிப்பு வளர்ந்தது. கேடயங்கள் சுவரில் தொங்கத் தொடங்கிய பிறகும் பட்டம் மட்டும் நிலைத்தது. நைட்டின் மூத்த மகனுக்கு அது உண்டு, பாரிஸ்டருக்கு உண்டு, அட்டர்னிக்குக் கிடையாது. அவர் வெறும் 'ஜென்டில்மன்'. பெண்களுக்கோ அந்தப் பேச்சே இல்லை.

சென்னை ராஜதானியில் இந்த வால் செய்த வேடிக்கை தனி. சர்க்கார் காகிதங்களில் வெள்ளைக்காரர் பெயருக்குப் பின்னால் எஸ்கொயர். இந்தியர் பெயருக்கு முன்னால் பெரும்பாலும் 'மகாராஜராஜஸ்ரீ'. அகராதியைப் புரட்டினால் நம்மவர் ராஜாதி ராஜன். துரையோ கேடயம் தூக்கி! ஆனால் கச்சேரியில் யார் உட்கார்ந்திருந்தார், யார் கைகட்டி நின்றார் என்பதை யாரும் சொல்ல வேண்டியதில்லை. மரியாதைச் சொல்லின் உண்மைப் பொருளை அகராதியில் தேடுவது வீண் வேலை. அது யாருக்கு மறுக்கப்படுகிறது என்று பார்த்தால் போதும், பொருள் விளங்கிவிடும்.

இந்த உரைகல்லில் எஸ்கொயரின் பிற்காலமும் தெளிவாகும். இருபதாம் நூற்றாண்டில் இங்கிலாந்தில் கடைக்காரர்கூடத் தம் வாடிக்கைக்காரர் எல்லோருக்கும் அதைப் போட ஆரம்பித்தார். எல்லோருக்கும் கிடைத்ததும் அதன் மிடுக்குப் போயிற்று. கடைசியில் மிஸ்டருக்குச் சமமாகி, வழக்கிலிருந்தே பெரும்பாலும் மறைந்தது. இதற்காகக் கண்ணீர் விடுகிற ஆங்கிலப் பழமைவிரும்பிகள் உண்டு. எதற்கு அழ வேண்டும்? சிலரை உயர்த்தப் பலரைத் தள்ளி வைத்த சொல் அது.

அமெரிக்காவில் கதை வேறு. மத்திய அரசு பிரபுப் பட்டம் வழங்கக் கூடாதென்று 1787-ல் எழுதிய அரசியல் சட்டத்திலேயே தடை விதித்த நாடு அது. அங்கே வக்கீல்கள் இந்த வாலை விடாமல் பிடித்துக்கொண்டார்கள். பெண் வக்கீல்களும் தங்கள் பெயருக்குப் பின்னால் எஸ்கொயர் என்று போட்டுக்கொள்கிறார்கள்.