புரதம் நம் கடையில்தான் இருக்கிறது



நான் விருதுநகரில் பருப்பு, பயறு வகைகள் மொத்த வியாபாரம் செய்து வருகிறேன். பள்ளிப் படிப்பு முடிந்த கையோடு அப்பாவுக்குத் துணையாகக் கடையில் உட்கார்ந்தவன். இப்போது வயது அறுபதைத் தாண்டிவிட்டது. ஒரு பிடி துவரம்பருப்பை அள்ளிப் பார்த்தால் அது நாட்டுத் துவரையா, பர்மா லெமனா, ஆப்பிரிக்கச் சரக்கா என்று சொல்லிவிடுவேன். அப்படிப்பட்ட நான் போன தீபாவளிக்கு என் மகள் கேட்ட ஒரு கேள்விக்குப் பதில் தெரியாமல் விழித்தேன். அந்தக் கேள்வி நம் எல்லோருக்கும் உரியது என்பதால் இங்கே எழுதுகிறேன்.

என் இளைய மகள் சென்னையில் வேலை பார்க்கிறாள். தீபாவளிக்கு வந்தவள், தான் வீகன் ஆகிவிட்டதாகச் சொன்னாள். கறி, மீன், முட்டை மட்டுமல்ல; பால், தயிர், மோர், நெய், தேன் எதுவும் தொடமாட்டாளாம். தமிழில் இதை நனிசைவம் என்று எழுதுகிறார்கள். 1944-ல் இங்கிலாந்தில் சிலர் கூடி இதற்கு இப்படிப் பெயர் வைத்தார்களாம். அவள் அம்மாவுக்கு முகமே வாடிவிட்டது. "மோர்கூட ஊத்திக்க மாட்டியா?" என்று நாலு தடவை கேட்டாள். நான், "உடம்புக்குச் சத்து வேண்டாமாம்மா?" என்றேன். அவள் பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து வைத்தாள். புரதப் பொடி. விலையைக் கேட்டேன். நம் மண்டியில் 30 கிலோ கொண்டைக்கடலைச் சிப்பம் ஒன்றுக்கு ஆகிற பணம்!

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு டப்பாவின் பின்பக்கத்தைப் படித்தேன். முதல் சரக்கு என்ன தெரியுமா? பட்டாணிப் புரதம். நம் கிட்டங்கியில் மூட்டை மூட்டையாக அடுக்கிக் கிடக்கிற அதே பட்டாணி!

எனக்குச் சிரிப்பு வந்தது. மகள் சிரிக்கவில்லை. "அப்பா, நீங்க நாப்பது வருஷத்துக்கு மேல பருப்பு விக்கிறீங்க. துவரம்பருப்புல எவ்வளவு புரதம் இருக்குன்னு சொல்லுங்க பார்ப்போம்" என்றாள். எனக்கு ஈரப்பதம் தெரியும், குருணை எத்தனை சதவீதம் என்று தெரியும், நேற்றைய மார்க்கெட் விலையும் தெரியும். இது தெரியவில்லை. "நீங்க சொல்லாததாலதான் டப்பாக்காரன் சொல்றான்" என்றாள். பட்டென்று அடித்தது போல் இருந்தது.

அதன் பிறகு கேட்டும் படித்தும் தெரிந்துகொண்டேன். ஐதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் நம் நாட்டு உணவுப் பொருள்களைச் சோதித்து 2017-ல் அட்டவணையாக வெளியிட்டிருக்கிறது. அதன்படி சமைக்காத 100 கிராம் சரக்கில் உள்ள புரதத்தைத் தோராயமாகச் சொல்கிறேன். துவரம்பருப்பு 22 கிராம். கடலைப்பருப்பும் கொள்ளும் ஏறக்குறைய அதே அளவு. உளுந்தம்பருப்பு 23. பாசிப்பருப்பு 24. தட்டப்பயறு 20-க்கு மேல். முழுக் கொண்டைக்கடலை 19. நிலக்கடலை 24. சோயா 35-க்கு மேல். எண்ணெய் எடுத்த சோயா மாவில் செய்கிற மீல் மேக்கரில் ஏறக்குறைய பாதி எடை புரதம்தான். அரிசியில் 8. ஒப்பிட்டுப் பார்க்க, முட்டையில் 13.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்ல வேண்டும். பருப்பு வெந்தால் தண்ணீர் குடித்து இரண்டு மூன்று மடங்காகப் பெருகும். ஆகவே ஒரு கிண்ணம் வெந்த பருப்பில் 22 கிராம் கிடைக்காது. பருப்புப் புரதம் முட்டை, பால் அளவுக்கு முழுதாகச் செரிப்பதும் இல்லை. ஆனால் அதற்கும் நம் முன்னோர் வழி செய்து வைத்திருக்கிறார்கள். அரிசிப் புரதத்தில் லைசின் என்ற சத்து குறைவு. பருப்பில் அது தாராளம். பருப்பில் மெத்தியோனின் குறைவு. அரிசியில் அது இருக்கிறது. ஒன்றில் குறைந்ததை மற்றது நிரப்புகிறது. சாதமும் சாம்பாரும், அரிசியும் உளுந்தும் அரைத்த இட்லியும், பொங்கலும் இந்தக் கணக்கில்தான் வருகின்றன. கணக்குத் தெரியாமலே சரியாகச் சாப்பிட்டு வந்திருக்கிறோம்.

60 கிலோ எடையுள்ள ஒருவருக்கு நாளொன்றுக்கு ஏறக்குறைய 50 கிராம் புரதம் போதும் என்கிறார்கள். 300 கிராம் அரிசி, சாம்பாருக்கும் கூட்டுக்கும் 60 கிராம் துவரம்பருப்பு, இட்லியில் 30 கிராம் உளுந்து, மாலையில் 40 கிராம் கொண்டைக்கடலைச் சுண்டல், ஒரு கைப்பிடி நிலக்கடலை. கூட்டிப் பாருங்கள், 50-ஐத் தாண்டிவிடும். இதில் டப்பா எங்கே வந்தது?

காசுக் கணக்கையும் பார்ப்போம். விலை இன்று ஒன்று, நாளை ஒன்று; உங்கள் கடை விலையில் நீங்களே போட்டுப் பாருங்கள். துவரம்பருப்பு கிலோ 120 ரூபாய் என்று வைத்துக்கொண்டால், அதில் 220 கிராம் புரதம். 10 கிராம் புரதத்துக்கு ஐந்தரை ரூபாய். கொள்ளு 80 ரூபாய் என்றால் மூன்றரை ரூபாய்க்குச் சற்று மேல். ஆறு கிராம் புரதம் தரும் முட்டை ஆறு ரூபாய் என்றால் 10 கிராமுக்கு 10 ரூபாய். முக்கால் கிலோ புரதம் உள்ள டப்பா 3,000 ரூபாய் என்றால் 40 ரூபாய். டப்பா விற்பவர் மேல் எனக்கு ஒரு கோபமும் இல்லை. வேண்டியவர் வாங்கட்டும். மலிவான பொருள் பக்கத்திலேயே இருப்பதை வாடிக்கையாளருக்குச் சொல்ல ஆளில்லையே என்பதுதான் என் வருத்தம்.

"வீகன்காரர் நம் ஊரில் நாலு பேர் இருப்பார்களா? அவர்களுக்காக ஏன் இத்தனை பேச்சு?" என்று சிலர் கேட்கலாம். கொள்கைக்காகப் பாலும் முட்டையும் விட்டவர் சிலர்தான். வாங்க முடியாததால் விட்டவர் எத்தனை பேர் என்று உங்கள் கடன் நோட்டைப் புரட்டினால் தெரியும். 2015-ல் துவரம்பருப்பு கிலோ 200 ரூபாயைத் தொட்டதே, நினைவிருக்கிறதா? இரண்டு வருடம் தொடர்ந்து மழை பொய்த்து விளைச்சல் குறைந்ததன் விளைவு அது. அப்போது கிலோ வாங்கியவர் அரைக் கிலோவுக்கு வந்தார். அரைக் கிலோ வாங்கியவர் கால் கிலோவுக்கு வந்தார். ரேஷன் கடையில் 2007 முதல் கொடுத்துவரும் சலுகை விலைப் பருப்புதான் பல வீடுகளைத் தாங்கியது. மற்றபடி சாம்பார் தண்ணீராயிற்று.

அன்று நம்மில் எத்தனை பேர், "துவரை விலை கூடியிருக்கும்மா, ஒரு வாரம் தட்டப்பயற்றுக் குழம்பு வையுங்க, கொள்ளு ரசம் வையுங்க, சத்து ஒண்ணும் குறையாது" என்று சொன்னோம்? நான் சொல்லவில்லை. எனக்கே தெரியாதே! "இளைத்தவனுக்கு எள்ளு, கொழுத்தவனுக்குக் கொள்ளு" என்ற பழமொழியோடு கொள்ளை ஒதுக்கி வைத்திருந்தேன். நாம் அந்த ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் எத்தனையோ பிள்ளைகளின் தட்டில் அந்த வருடமும் புரதம் இருந்திருக்கும். நம் கடையில் தேங்கிய பயறும் விற்றிருக்கும்.

சத்தைப் பற்றிப் பேச வாய் திறக்கும் முன் நம் சரக்கு சுத்தமாக இருக்க வேண்டும். இதில் என் தவறு ஒன்றை ஒளிக்காமல் சொல்கிறேன்.

எண்பதுகளில் ஒரு மழைக்காலம். வடக்கேயிருந்து ஒரு லோடு துவரம்பருப்பு கொஞ்சம் மலிவாக வந்தது. இறக்கி விற்றும்விட்டோம். பத்து நாள் கழித்துச் சாத்தூர்ப் பக்கத்து மளிகைக் கடைக்காரர் ஒருவர் மஞ்சள் பையில் ஒரு கிலோவைத் திருப்பிக் கொண்டுவந்தார். "அண்ணாச்சி, இதுல சதுரமா, ஒரு பக்கம் சரிஞ்சாப்பல வேற ஏதோ பருப்பு கெடக்கு" என்று அப்பாவிடம் காட்டினார். அது கேசரிப் பருப்பு. அதை மாதக்கணக்கில் சாப்பிட்டால் கால் விளங்காமல் போகும். மத்தியப் பிரதேசத்தில் ரேவா பக்கம் ஊர் ஊராக மக்கள் அப்படி முடங்கிய வரலாறு உண்டு. எனக்கு அப்போது இளம் வயது. "மீதி மூட்டையில நல்ல பருப்பை நிறையக் கலந்து வெளியூருக்கு அனுப்பிடலாமே அப்பா" என்றேன். அப்பா என்னைத் திட்டவில்லை. "நம்ம வீட்டு உலையில போடுவியா?" என்று மட்டும் கேட்டார்.

விற்ற இடமெல்லாம் ஆள் அனுப்பி மூட்டைகளைத் திரும்ப வாங்கினார். பணத்தைத் திருப்பிக் கொடுத்தார். சரக்கு முழுவதையும் குழி வெட்டிப் புதைத்தோம். அந்த வருட லாபம் அந்தக் குழியோடு போயிற்று. அந்தச் சாத்தூர் வியாபாரியின் மகன் இன்றுவரை எங்களிடம்தான் சரக்கு எடுக்கிறார்.

ஆகவே மலிவாக வரும் சரக்கைக் கையில் அள்ளிப் பாருங்கள். கண்ணைப் பறிக்கும் மஞ்சளாக இருந்தால் சந்தேகப்படுங்கள். பருப்பில் நிறம் சேர்ப்பதே குற்றம். அதிலும் மெட்டானில் மஞ்சள் என்பது விஷம். பருப்பு ஊறிய தண்ணீரில் சில சொட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலம் விட்டால் அந்தச் சாயம் இளஞ்சிவப்பாகக் காட்டிக்கொடுக்கும். அமிலத்தைக் கடையில் வைத்துக்கொள்ள வேண்டாம். சந்தேகமான சரக்கை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் கொடுத்துச் சோதிக்கச் சொல்லுங்கள். மாட்டிக்கொள்வோமோ என்று பயப்படுவதைவிட முந்திக்கொள்வது நல்லது.

இனி, நாம் செய்யக்கூடியதாக எனக்குத் தோன்றுவதைச் சொல்கிறேன். சங்கத்து அன்பர்கள் யோசிக்க வேண்டும்.

முதலாவது, பருப்பு டின்களின் மேலோ சாக்குகளின் மேலோ விலை எழுதும் அட்டையிலேயே "100 கிராமில் புரதம் இத்தனை கிராம்" என்று ஒரு வரி சேர்த்து எழுதலாம். செலவு ஒரு சாக்குக் கட்டிதான்.

இரண்டாவது, ஓரத்தில் கிடக்கும் கொள்ளு, தட்டப்பயறு, மொச்சை, பாசிப்பயறு இவற்றைக் கண்ணில் படும் இடத்துக்குக் கொண்டுவரலாம். நூறு கிராம் கேட்டாலும் முகம் சுளிக்காமல் நிறுத்துக் கொடுக்க வேண்டும். சுண்டலுக்கு வாங்கிப் பார்த்தவர் அடுத்த முறை கிலோவாக வாங்குவார்.

மூன்றாவது, வீகன் வாடிக்கையாளர் வந்தால் தடுமாற வேண்டாம். பாக்கெட்டில் பச்சைப் புள்ளி இருந்தால் அது சைவம். ஆனால் அதில் பால் பொடியோ நெய்யோ இருக்கலாம். வீகன் உணவுக்கென 2022-ல் தனி விதிமுறையும் தனி முத்திரையும் வந்துவிட்டன. அதைப் பார்த்து எடுத்துக் கொடுங்கள். அவர்களுக்குப் புதிதாக எதையும் இறக்குமதி செய்ய வேண்டியதில்லை. பொரிகடலை மாவு, கடலை மிட்டாய், எள்ளுருண்டை, கருப்பட்டியும் நல்லெண்ணெயும் விட்டுக் கிண்டும் உளுந்தங்களி எல்லாம் பிறவியிலேயே வீகன்தான். 2020-ல் புவிசார் குறியீடு பெற்ற கோவில்பட்டி கடலை மிட்டாயில் நிலக்கடலையும் வெல்லமும்தானே முக்கியச் சரக்கு?

நான்காவது, அளவுக்கு மீறிப் பேசாதீர்கள். "இந்தப் பயறு சர்க்கரை நோயைத் தீர்க்கும்" என்று சொல்வது நம் வேலையல்ல. சிறுநீரகக் கோளாறு உள்ளவர் புரதத்தைக் கூட்டலாமா என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதேபோல பி12 என்ற உயிர்ச்சத்து பருப்பிலோ பயற்றிலோ கிடையாது. பால், முட்டை எதுவும் சேர்க்காதவர் அதற்கு மருத்துவரைக் கேட்டு மாத்திரையோ அந்தச் சத்து சேர்த்த உணவோ எடுத்துக்கொள்ள வேண்டும். "எங்கள் கடையில் இல்லாதது இது" என்று சொல்கிற வியாபாரியைத்தான், இருப்பதாகச் சொல்லும்போதும் மக்கள் நம்புவார்கள்.

பெரிய கடைகள் குளிர்சாதனம் போடுகின்றன, தள்ளுபடி தருகின்றன. நம்மால் அதற்கு ஈடுகொடுக்க முடியாது. ஆனால் அங்கே அலமாரி பேசாது. நாம் பேசலாம். வாங்க வருபவரின் வீட்டில் எத்தனை பேர், யாருக்கு என்ன ஆகாது என்பதெல்லாம் நமக்குத் தெரியும். அந்தப் பழக்கத்தோடு நாம் விற்கும் பொருளைப் பற்றிய அறிவும் சேர்ந்தால் நம்மை யாரும் அசைக்க முடியாது.

என் மகள் இப்போது ஊருக்கு வந்து திரும்பும்போதெல்லாம் பொரிகடலை மாவும் உளுந்து மாவும் வறுத்த கடலையும் கட்டிக்கொண்டு போகிறாள். பி12-க்கு மருத்துவரையும் பார்த்துவிட்டாள். தீபாவளிக்குக் கொண்டுவந்த டப்பா காலியாகி எங்கள் வீட்டிலேயே கிடக்கிறது. அவள் அம்மா அதைக் கழுவிக் காயவைத்துத் துவரம்பருப்பு போட்டு வைத்திருக்கிறாள்.