பழைய வள்ளமும் பட்டிப் பூச்சும்

கரையில் கவிழ்ந்து கிடக்கும் பழைய பைபர் கிளாஸ் வள்ளங்களைப் பற்றி அரசியல் ஏடொன்று பேச வேண்டுமா என்று சிலர் வினவக்கூடும். பேசத்தான் வேண்டும் என்பது நமது துணிபு. கமக்காரனுக்கு வயல் எதுவோ கடற்றொழிலாளிக்கு வள்ளம் அதுவே. வரம்பு உடைந்தால் வயலில் நீர் போகும். வள்ளத்தின் அடி உடைந்தால் உயிர் போகும்.

2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை நமது கரைகளைச் சூறையாடியபின், உதவி நிறுவனங்கள் புதிய வள்ளங்களை வாரி வழங்கின. உடைந்ததைத் திருத்திக் கொடுப்பதிலும் புதியதைக் கையளித்துப் படம் பிடிப்பது இலகு அல்லவா? அவசரத்தில் கட்டப்பட்ட அவற்றுட் பல தரம் குன்றியவை. இன்று அவற்றின் வயது இருபதைத் தாண்டிவிட்டது. கண்ணாடி இழை மரம்போல் உளுத்துப்போவதில்லை என்பது மெய்யே. ஆனால், மேற்பூச்சிலுள்ள வெடிப்பினூடாக நீர் உட்புகும். அடுக்குகள் ஒன்றைவிட்டு ஒன்று கழரும். இயந்திரம் பூட்டும் பின்பலகையினுள் வைத்த ஒட்டுப்பலகை ஓசையின்றி அழுகும்.

இதற்கு நமது கரைகளில் நடைபெறும் வைத்தியம் என்ன? ஓட்டையைப் பட்டியால் அடைத்து, மேலே வர்ணம் பூசிவிடுவது! உறுதியைப் புரட்டிப் பாராமல் வேலியின் அழகைக் கண்டு காணி வாங்குவார் எவருமிலர். வள்ளத்தை மட்டும் வர்ணத்தைக் கண்டு நம்பலாமோ?

முதலில் தட்டிப் பார்த்தல் வேண்டும், சந்தையில் பானை வாங்குவோர் செய்வதுபோல. நல்ல இடம் கணீரென்னும். அடுக்குக் கழன்ற இடம் மந்தமாக ஒலிக்கும். கழன்றதை முற்றாக வெட்டியெறிந்து, நன்னீரால் உப்புப் போகக் கழுவி, கூரையின்கீழ் நாட்கணக்காக உலரவிடல் வேண்டும். ஈரத்தின்மேல் இட்ட ரெசின் பிடிக்காது. அடுத்ததுதான் முக்கியம். வெட்டிய ஓரத்தைச் சுற்றிவர, அடித்தட்டின் கனத்தைப்போல் பன்னிரு மடங்கு அகலத்துக்குச் சரிவாகத் தேய்த்தல் வேண்டும். கனம் 6 மில்லிமீற்றர் எனின் சரிவு 72 மில்லிமீற்றர், அஃதாவது ஏறக்குறைய மூன்று அங்குலம். அச்சரிவின்மீதே புதிய இழைப் பாய்களை ரெசினில் நனைத்து, காற்றுக் குமிழி தங்காமல் உருளையால் அழுத்தி, ஒன்றன்மேல் ஒன்றாகப் படியவைப்பர். உறைய வைக்கும் திரவம் பொதுவாக நூற்றுக்கு ஒன்று முதல் இரண்டு வரை போதும். குறைந்தால் உறையாது, மிஞ்சினால் சூடேறி வெடிக்கும். அத்திரவம் ஒரு துளி கண்ணிற் பட்டாலும் பார்வை பறிபோகலாம். தேய்க்கும்போது எழும் தூசி நெஞ்சுக்குப் பகை. வெறும் முகத்தோடு இவ்வேலை செய்யும் இளைஞரைக் காணும்போது நமக்கு அச்சமே மேலிடுகிறது.

இங்கேதான் சட்டம் பயின்ற நமது நண்பர்களுக்கு வேலை இருக்கிறது. நான்கு அங்குல ஓட்டையைச் செவ்வனே திருத்த, குறைந்தது பத்து அங்குல அகலம் தேய்த்துக் கட்ட வேண்டும். ஆனால் நமது பார்வைக்கு வந்த சேத மதிப்பீடுகளில் "நான்கு அங்குல ஓட்டை" என்றே எழுதப்பட்டிருக்கிறது. அதற்கேற்ற தொகைக்குப் பட்டிதான் வாங்கலாம். மதிப்பிட வருவோர் தீயவர் என்று நாம் கூறவில்லை. படிவத்தில் வேறெதற்கும் இடமில்லை, அவ்வளவே. எனினும் அந்தப் படிவத்தின் குறைக்காகக் கடலிலே விலை கொடுப்பவன் தொழிலாளி.

1960களின் பிற்பகுதியில் நோர்வே மக்களின் துணையோடு காரைநகரில் தோன்றிய சீநோர் நிறுவனத்தின் பட்டறையிலே நம்மவர் கண்ணாடி இழைப் படகு கட்டினர். அக்கைத்திறனைப் போர் சிதறடித்தது. எஞ்சிய முதியோர் சிலர் இன்னும் கரைகளில் உளர். ஒவ்வொரு கடற்றொழிலாளர் கூட்டுறவுச் சங்கமும் அத்தகையோரிடம் இரண்டு இளைஞரையேனும் பயில அனுப்புதல் வேண்டும். கழன்ற பரப்பு, தேய்க்கவேண்டிய அகலம், பின்பலகையின் நிலை ஆகிய மூன்றையும் கேட்கும் புதிய மதிப்பீட்டுப் படிவமொன்றைத் தமிழிலே வரைந்து கடற்றொழில் திணைக்களத்தின் முன் வைக்க நமது சட்டத்தரணிகள் முன்வருவார்களா? வாடைக் கடல் கொந்தளிக்கு முன்னரே அது நடைபெறுதல் வேண்டும்.