வயிற்றுத் தோலும் ஒரு சத்திரசிகிச்சையும்

சென்ற மாதம் என் பழைய மாணவன் ஒருவன் வீட்டுக்கு வந்திருந்தான். இரண்டு வயது நிரம்பிய இரட்டைப் பிள்ளைகளின் தந்தை அவன். பேச்சு எங்கெங்கோ சுற்றி, ஈற்றில் அவன் மனைவி விரும்பும் ஒரு சத்திரசிகிச்சையில் வந்து நின்றது. பேற்றின் பின் தளர்ந்து தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி அகற்றுவதாம். “சேர், இது வீண் ஆடம்பரந்தானே?” என்றான். நானும் ஆராயாது, “வீண் செலவு” என்று தீர்ப்புக் கூறிவிட்டேன். அவன் சென்றபின் என் மனையாள், “இரண்டு பிள்ளைகளை ஒரே வயிற்றில் சுமந்தது நீங்களா, அவனா?” என்று கேட்டாள். விடை தேடிச் சில நூல்களைப் புரட்டியதன் பயனே இவ்வாரப் பத்தி.

வயிற்றின் முன்புறத்தே மேலிருந்து கீழாக இரண்டு தசைப்பட்டிகள் உள. கருப்பை வளர வளர, அவற்றை இணைக்கும் நடுத்தசைநார் அகன்று பட்டிகள் விலகுகின்றன. பேற்றின் பின் பலருக்கு இவ்விடைவெளி சில மாதங்களிற் குறுகிவிடும், சிலருக்கு நிலைத்துவிடும். மல்லாந்து படுத்துத் தலையைச் சற்றே உயர்த்தினால் வயிற்றின் நடுவே மேடொன்று எழுவதைக் காணலாம். தகுந்த தேகப்பயிற்சி தசைக்கு வலுவூட்டும். ஆனால் மிதமிஞ்சி இழுபட்ட தோலைப் பயிற்சியால் மீட்க இயலாது. எங்கள் பாட்டிமார் பேறுகண்டவளின் வயிற்றைத் துணியாற் கட்டினர். அது இதமளித்திருக்கும், தோலைச் சுருக்கியிராது.

இச்சிகிச்சை புதியதன்று. அமெரிக்காவில் ஹவார்ட் கெலி என்னும் வைத்தியர் 1899 இல் ஒரு பெண்ணின் வயிற்றிலிருந்து 7 கிலோவுக்கு மேற்பட்ட தொங்குசதையை அகற்றினார். பிரேசில் நாட்டு ஈவோ பிட்டங்கி தாம் செய்த 300 சிகிச்சைகளைப் பற்றி 1967 இல் எழுதினார்.

நோயாளியை முழு மயக்கத்தில் ஆழ்த்தி, அடிவயிற்றில் ஓர் இடுப்பெலும்பிலிருந்து மற்றையது வரை வெட்டுவர். தோலை விலா வரை உயர்த்தி, விலகிய தசைகளை நடுவே இழுத்துத் தைப்பர். மிகையான தோலை வெட்டி நீக்கி, தொப்புளுக்குப் புதிய துவாரம் அமைப்பர். தொப்புள் தன்னிடத்திலேயே இருக்க, அதைச் சுற்றியுள்ள தோல்தான் இடம்மாறுகிறது! பெரும்பாலும் இரண்டு முதல் நான்கு மணித்தியாலம் செல்லும்.

பின்னர் வருவதையே வீட்டார் நன்கு அறிந்திருத்தல் வேண்டும். முதல் ஓரிரு வாரம் நிமிர்ந்து நடக்க இயலாது. கூனியே நடக்கவும், முழங்காலை மடித்தே படுக்கவும் வேண்டும். தோலின் கீழ்ச் சேரும் நீரை வடிக்கப் பலருக்குச் சிறு குழாய்கள் பொருத்துவர். இறுக்குக் கச்சையைச் சில வாரம் அணிதல் வேண்டும். பாரம் தூக்குவது ஏறத்தாழ ஆறு வாரம் ஆகாது. வீக்கம் வற்ற மாதங்களாகும். தொப்புளுக்குக் கீழ் உணர்ச்சி மரத்திருக்கும். சிலருக்கு அது முற்றாகத் திரும்புவதில்லை. தழும்பு ஓராண்டில் மங்கும், மறையாது.

ஆபத்தும் உண்டு. நீர் சேரலாம், புண் ஆறத் தாமதிக்கலாம், கிருமி தொற்றலாம். காலின் நாளத்தில் உறையும் இரத்தக்கட்டி சுவாசப்பைக்குச் செல்வதே யாவற்றிலும் கொடியது. ஆகையாற்றான் மறுநாளே எழுந்து நடக்கச் சொல்கிறார்கள். புகைப்பவருக்குப் புண் ஆறாது. பல வாரங்களுக்கு முன்பே நிறுத்துதல் வேண்டும். நீரிழிவு கட்டுப்பட்டிருத்தல் வேண்டும். மெலிவதற்கு இது வழியன்று. குடலைச் சூழ்ந்த கொழுப்பை இக்கத்தி தொடுவதேயில்லை. நிறை நிலைப்பட்ட பின்பே செய்வது நன்று. இன்னொரு பிள்ளையை விரும்புவோர் அதுவரை பொறுத்தல் வேண்டும். தைத்த தசை மீண்டும் விலகிவிடும்.

இவற்றை எல்லாம் மாணவனுக்கு எழுதி, என் தீர்ப்பையும் மீட்டுக்கொண்டேன். ஒன்று மட்டும் கேட்டேன்: அந்த ஆறு வாரமும் இரண்டு பிள்ளைகளையும் தூக்குவது யார்?

பதில் வந்துவிட்டது. முதலில் ஆறு மாதம் பயிற்சி செய்து பார்த்து, அதன்பின் மனைவியே முடிவு செய்வாராம். வேண்டுமாயின் மாமியார் வந்து நிற்பாராம். அவனோ இப்போதே சமையல் பழகத் தொடங்கிவிட்டான். முதல்நாட் சோறு குழைந்துவிட்டதாம்.